தசையின் உழைப்பும் தேகத்தின் நிலையும்

மூட்டை தூக்குகிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்று கேட்பது நம் வியாபாரிகளின் வழக்கம். நாமும் அப்படிக் கேட்டதுண்டு. 2018ஆம் ஆண்டு கிட்டங்கி ஏணியிலிருந்து விழுந்து, வலது முழங்கால் சில்லு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தோம். கட்டு அவிழ்த்தபோது வலத்தொடை பாதியாய் மெலிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி வைத்தியம் செய்யும் சீன அம்மையார் நம்மைப் படுக்கவைத்து, முழங்காலுக்கடியில் துண்டொன்றைச் சுருட்டி வைத்து, "இதை அமுக்குங்கள், ஐந்து எண்ணும்வரை விடாதீர்கள்" என்றார். இதென்ன பிள்ளை விளையாட்டு என்று நான்கே நாளில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனோம். மாடிக்கு ஒருவாறு ஏறிவிட்டோம். பருப்புப் பையோடு இறங்கும்போது கால் மடிந்துவிட்டது. அல்லாஹ்வின் காவல், எலும்பு தப்பியது. ஆனால் மேலும் இரண்டு மாதம் கல்லாவில் தம்பி உட்கார, நாம் கட்டிலில் கிடந்தோம்.

ஏறும்போது தாங்கிய கால் இறங்கும்போது ஏன் மடிந்தது? இந்தக் கேள்விக்கு அந்த அம்மையார் சொன்ன விளக்கத்தையே அன்பர்களுக்குத் தருகிறோம்.

தசை மூன்று விதமாக உழைக்கிறது. சாக்கு ஒன்றைத் தரையிலிருந்து கைவண்டிக்குத் தூக்குகிறோம்; முழங்கையை மடக்கும் தசை குறுகி உழைக்கிறது. கணக்கப்பிள்ளை எழுதி முடிக்கும்வரை அதை ஏந்தி நிற்கிறோம்; தசையின் நீளம் மாறவில்லை, ஆனாலும் உழைக்கிறது. பிறகு மெதுவாகக் கீழே இறக்குகிறோம். அப்போதும் அதே தசைதான், நீண்டுகொண்டே உழைக்கிறது. இந்த மூன்றாவதைத்தான் நம்மவர் உழைப்பென்றே எண்ணுவதில்லை. தொப்பென்று போட்டால் உழைப்பில்லை; முட்டை உடையாமல் இறக்கிப் பாருங்கள், தெரியும். பழக்கமில்லாதவர் இவ்வித வேலை செய்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் உடம்பு வலிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

நிற்க, தேகத்தின் நிலைக்கு வருவோம். ஸ்வீடன் தேசத்துப் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் தேகப்பயிற்சிக்கென்றே ஒரு கல்விச்சாலை தொடங்கினார். அவர் வழிவந்த பாடத்தில் படுத்தல், உட்காரல், மண்டியிடல், நிற்றல், தொங்குதல் என ஐந்து ஆரம்ப நிலைகள் உண்டு. படுத்திருப்பவருக்கு உடம்பெல்லாம் கட்டிலில் தங்குகிறது; விழாமல் காக்க எந்தத் தசையும் பாடுபட வேண்டியதில்லை. ஆகவே நோயுள்ள ஒரு தசையை மட்டும் தனியே வேலை வாங்கலாம். நிற்பவருக்கோ தாங்குமிடம் இரு பாதங்களே; முழுப் பாரமும் அவற்றின் மேல்.

தொழுகையில் நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகையை நாம் அறிவோம். பயிற்சி வைத்தியம் அதே படிகளில் கீழிருந்து மேலே ஏறுகிறது. (நாமும் மூன்று மாதம் நாற்காலியில்தான் தொழுதோம்.)

முதலில் துண்டை அமுக்குதல்: மூட்டு அசையாமலே தொடையின் முன்தசை உழைக்கிறது. அடுத்து, நோயுள்ள கால் மேலே இருக்க ஒருக்களித்துப் படுத்து, அக்காலை வழவழப்பான பலகையில் வைத்து, பவுடர் தூவி மடக்கி நீட்டுதல். இங்கே பூமியின் இழுப்பு தசைக்கு உதவியுமில்லை, தடையுமில்லை. வைத்தியர்கள் தசையின் பலத்தை 0 முதல் 5 வரை அளக்கிறார்கள். இவ்வாறு இழுப்பை விலக்கிய நிலையில் மட்டும் அசைக்க முடிந்தால் அது 2. இழுப்பை எதிர்த்துத் தானே அசைத்தால் 3.

அந்த 3க்குத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டுவது. நீட்டி முடிக்கும் கடைசிப் பகுதியே கடினம். பழைய நிறைகோலில் குண்டை நுனிக்குத் தள்ளத் தள்ளப் பாரம் கூடுமல்லவா, அதே கணக்கு. நீட்டியபின் காலை விழவிடாமல் மெல்ல இறக்க வேண்டும். அம்மையார் இதில் வெகு கண்டிப்பு. கடைசியில்தான் கல்லா மேசையைப் பிடித்து நின்றபடி முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்வது.

இப்போது மாடிப்படி. ஏறும்போது முன்னே வைத்த கால்தான் உடம்பைத் தூக்குகிறது. அன்று நாம் அறியாமலே நல்ல காலை முன்வைத்து ஏறினோம். அதனால் நோயுள்ள கால் தப்பியது. இறங்கும்போதோ மேற்படியில் பின்தங்கிய கால்தான், தொடைத்தசை நீண்டபடியே, முழு உடம்பையும் மெல்லக் கீழே இறக்குகிறது. அப்போதும் நல்ல காலையே முன்னே வைத்தோம். இறக்கும் வேலை முழுதும் மெலிந்த தொடையின் தலையில் விழுந்தது. படுத்த நிலையிலேயே தேறாத தசைக்கு, நிற்கும் நிலையில் மூன்றாம் வித உழைப்பையும் பருப்புப் பையையும் சேர்த்துக் கொடுத்தோம்!

ஆகையால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுள்ள கால் முதலில், கைப்பிடி எப்போதும். எந்த நிலையிலாவது மூட்டு வீங்கினாலும் மறுநாள் வலி மிகுந்தாலும் முந்திய நிலைக்கே திரும்பி, வைத்தியரைக் கேட்டபின் மேலே செல்க.