ஸ்கேன் மருந்தும் சிறுநீரகமும் – முன்கூட்டியே கணக்குப் பார்ப்போம்



நெஞ்சுவலி என்று டிஸ்பென்சரிக்குப் போனால், பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தருகிறார்கள். அங்கே "அஞ்சியோகிராம் செய்யணும்" என்கிறார்கள். உடனே லயத்தில் பேச்சு கிளம்பிவிடுகிறது: "அந்த மருந்து ஏத்துனா கிட்னி போயிரும், போகாத!" இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு, பயம் அதைவிட அதிகம். எது எவ்வளவு என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அது என்ன மருந்து?

எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். இரத்தக்குழாய் தெளிவாகத் தெரியாது. அதைக் காட்டுவதற்காக அயோடின் கலந்த திரவம் ஒன்றை ஏற்றுகிறார்கள். டாக்டர்மார் "டை" என்பது இதைத்தான். பிறகு இதை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துக்கு. ஏற்கனவே பலவீனப்பட்ட சிறுநீரகம் இந்தச் சுமையில் பாதிக்கப்படலாம். அப்போது இரண்டு மூன்று நாளில் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு கூடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கே இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும்.

புள்ளிக் கணக்கு

யாருக்கு ஆபத்து கூட என்று முன்னரே அறிய முடியுமா? முடியும். 2004இல் அமெரிக்காவில் இருதய வைத்தியர் ரொக்சானா மெஹ்ரானும் அவருடன் வேலை செய்தவர்களும், இருதயக் குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சை பெற்ற 8,357 பேரின் விபரங்களைக் கொண்டு ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2021இல் அதைப் புதுப்பித்தார்கள். விளங்குவதற்கு இலேசானது பழைய கணக்கு:

வயது 75க்கு மேல் – 4
சீனி வருத்தம் – 3
இரத்தச்சோகை – 3
இருதயம் பலவீனமாகி நீர் கோர்த்தல் – 5
இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிப்போதல் – 5
இருதயத்துக்கு உதவியாக பலூன் பம்ப் பொருத்தல் – 5
கிரியேட்டினின் 1.5க்கு மேல் – 4
ஒவ்வொரு 100 மில்லிலீற்றர் மருந்துக்கும் – 1

கூட்டுத்தொகை 5 வரை என்றால், 100 பேரில் ஏழெட்டுப் பேருக்குக் கிரியேட்டினின் கூடியது. 6 முதல் 10 வரை என்றால் 14 பேருக்கு. 11 முதல் 15 வரை என்றால் 26 பேருக்கு. அதற்கு மேலே 57 பேருக்கு.

கொழுந்தெடுக்கும் 55 வயது அக்கா ஒருவரை வைத்துக்கொள்வோம். சீனி வருத்தம் 3, இரத்தச்சோகை 3, மருந்து 100 மில்லிலீற்றர் 1. மொத்தம் 7. இரத்தச்சோகை இல்லாவிட்டால் 4தான். நமது பெண்கள் "சும்மா களைப்பு" என்று தள்ளிவிடும் இரத்தச்சோகை இங்கே ஒரு படி ஏற்றிவிடுகிறது, பார்த்தீர்களா?

ஒன்றை மறக்கக்கூடாது. இது இருதயக் குழாய் சிகிச்சைக்கான கணக்கு. கையில் ஊசி போட்டு எடுக்கும் சீடீ ஸ்கேனில் ஆபத்து இதைவிடக் குறைவு. சிறுநீரகம் முன்னமே நன்றாகப் பழுதடைந்தவர்கள்தான் அதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள்.

நாம் செய்ய வேண்டியது

1. கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மருந்துகளையும் கையோடு கொண்டு போவோம். சீனி, பிரஷர், பழைய சிறுநீரக வருத்தம் எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தால் கணக்குப் பிழைக்கும்.

2. மேல்வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனக், இபுபுரோஃபென் போன்ற குளிசைகள் சிறுநீரகத்துக்குச் சுமை. டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

3. சீனிக்கு மெட்ஃபோர்மின் குடிப்பவர்கள் அதைச் சொல்ல வேண்டும். நிறுத்துவதா இல்லையா என்பதை டாக்டர் தீர்மானிப்பார், நாமாக நிறுத்தக்கூடாது.

4. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்போம். இருதய வருத்தக்காரருக்குத் தண்ணீர் கூடினாலும் கெடுதல்.

5. பிறகு இரத்தம் சோதிக்க வரச் சொன்னால் கட்டாயம் போவோம். "ஒரு நாள் பேரு போயிருமே" என்று நின்றுவிடக்கூடாது. சிறுநீர் குறைந்தால், முகம் கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் உடனே போக வேண்டும்.

மாரடைப்பு நாள் பார்த்து வருவதில்லை. பயந்து படுத்துக்கிடந்தால் போவது உயிர். ஆகவே "வேணாம்" என்று சொல்லுமுன், "ஐயா, எனக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்போம். கேட்பது நமது உரிமை.

வீட்டில் பேசிப் பார்ப்போம்: நமது வீட்டில் யாருக்குச் சீனி வருத்தம்? யாருக்கு இரத்தச்சோகை? கடைசியாக இரத்தம் சோதித்தது எப்போது?