மாதிரி வானூர்தியின் இறக்கைச் சாய்வு

அறிவியல் கழகத்தில் நாம் பால்சா மரத்தால் செய்த சறுக்கு வானூர்தி, பள்ளித் திடலில் விழுந்து நொறுங்கியதை உங்களுள் பலர் கண்டீர்கள். அப்பலகை வாங்க மாணவர் பலர் சிற்றுண்டிக் காசைச் சேர்த்துத் தந்தனர். ஆகவே, அது விழுந்த காரணத்தைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

முதல் எறிதலில் ஊர்தி மூக்கைத் தாழ்த்தி விழுந்தது. இறக்கையின் முன்விளிம்பை உயர்த்தக் கருதி, அதன் கீழ் ஒரு தீக்குச்சியைச் செருகினோம். எண்ணம் சரியே, அளவுதான் தவறு. இறக்கையின் அகலம் 8 சென்டிமீட்டர். முன்விளிம்பு 1 மில்லிமீட்டர் உயர்ந்தால் சாய்வு ஏறத்தாழ 0.7 பாகை கூடும். தீக்குச்சியின் கனமோ 2 மில்லிமீட்டர்!

மறுமுறை ஊர்தி நிமிர்ந்து மேலெழுந்தது. எல்லாரும் கைதட்டினோம். ஆனால், மூக்கு நிமிர்ந்த ஊர்தி வேகம் இழக்கும். அப்போது இறக்கையின் மேற்புறத்தை ஒட்டிச் செல்லும் காற்று பிரிந்து குலையும், தூக்கும் விசை குன்றும், மூக்கு கவிழும். கவிழ்ந்தபின் வேகம் பெற்று மீண்டும் நிமிரும். அலைபோல் ஏறி இறங்கிய ஊர்தியைப் பார்த்து, "வலு போதவில்லை, ஓங்கி எறியுங்கள்" என்றோம். அதுவே பெரும்பிழை. வேகம் மிகுந்ததும் மூக்கு இன்னும் செங்குத்தாய் நிமிர்ந்தது. பின்னர் ஊர்தி தலைகீழாய் வந்து மோதியது.

முதலில் எடையைச் சரிபார்த்தல் வேண்டும். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு விரல்நுனிகளால் ஊர்தியைத் தாங்குங்கள். அது சமமாக நிற்கும்வரை மூக்கில் களிமண் ஒட்டுங்கள். பின்னரே சாய்வு. வாலைவிட இறக்கை 2 அல்லது 3 பாகை கூடுதலாகச் சாய்ந்திருத்தல் நலம். பிரான்சு நாட்டு அல்போன்சு பெனோ இம்முறையில் வாலைப் பொருத்திய மாதிரி வானூர்தி, 1871இல் பாரிசு நகரப் பூங்காவில் 11 விநாடி பறந்தது. அதை இயக்கியது முறுக்கிய ரப்பர். கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நடப்பட்டது அதற்கு ஆறாண்டுகள் கழித்தே, 1877இல்!

தீக்குச்சிக்குப் பதிலாக அஞ்சலட்டைத் துண்டுகளைப் பயன்படுத்துங்கள். ஊர்தி மூக்குக் குத்தினால் முன்விளிம்பின் கீழ் ஒரு துண்டு சேருங்கள். அலைபோல் சென்றால் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் எறிந்து பாருங்கள். களிமண்ணையும் சாய்வையும் ஒரே வேளையில் மாற்றினால், எது பயன் தந்தது என அறிய இயலாது. எறியும்போது மூக்கைச் சற்றே தாழ்த்தி, மெல்லத் தள்ளினால் போதும்.

புதிய இறக்கை ஆயத்தமாகிவிட்டது. காற்று எழுமுன், சனிக்கிழமை காலை 7 மணிக்குத் திடலில் கூடுவோம். பெற்றோர்களும் வரலாம். வீட்டில் பழைய அஞ்சலட்டை இருந்தால் கொண்டுவாருங்கள்.