மேய்ச்சற் புறம்போக்குகளில் முளைக்கும் காளான்களைப் பகுத்தறியும் விதம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து நிலம் நன்றாக நனைந்தபின், ஏரிக்கரைகளிலும் மேய்ச்சற் புறம்போக்குகளிலும் தோப்புப் புல்தரைகளிலும் காளான்கள் கிளம்புவதை யாவரும் கண்டிருப்பர். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது வழங்கிவரும் சொல். உண்மையில் அதனை முளைப்பிப்பது ஈரமேயன்றி இடியன்று. மண்ணுக்குள் வெகுநாட்களாகப் பரவிக் கிடக்கும் மெல்லிய நூலிழைகளே காளானின் உடல். மாமரத்துக்கு மாங்காய் எவ்வாறோ, அவ்வுடலுக்கு நாம் காணும் குடை அவ்வாறு. ஆகையால் ஒரே இடத்தில் வருஷந்தோறும் குடைகள் தோன்றுவதும், புல்தரையில் வட்டமாக வரிசையிட்டு நிற்பதும் அதிசயமல்ல.

இவற்றுள் உண்ணத்தக்கது எது, தகாதது எது என்பதே கேள்வி. இவ்விஷயத்தில் நமது கிராமங்களில் நம்பப்படும் பரீட்சைகள் பல. வெள்ளிக் கரண்டியைக் கொதிக்கும் காளானில் இட்டால் விஷமிருப்பின் கறுக்கும் என்பர். பூண்டு அல்லது மஞ்சள் சேர்த்தால் நிறம் மாறும் என்பர். புழுவோ நத்தையோ தின்றது மனிதருக்கும் ஆகும் என்பர். இவை யாவும் ஆதாரமற்றவை. மனிதனைக் கொல்லும் காளானைப் புழுக்கள் சுகமாகத் தின்று வளர்கின்றன. கொடிய விஷம் சில எவ்வளவு வேகவைத்தாலும் அழிவதில்லை. 2022 ஏப்ரலில் அஸ்ஸாம் மாகாணத்தில் காட்டுக் காளானைச் சமைத்துண்ட 13 பேர் சில நாட்களுக்குள் மாண்டனர்; அவர்களிற் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்த குடும்பத்தினர். காளானைச் சேகரிப்பது அவர்களுக்குப் புதிதன்று என்பதை நாம் மறத்தலாகாது.

காளானைச் சோதிப்பதற்குக் கைக்கொள்ள வேண்டிய முறை யாதெனில், முதலில் அதனைப் பிடுங்காமல் சிறு கொத்தினால் அடியோடு தோண்டி எடுத்தல். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பாகத்திற்றான் முக்கிய அடையாளம் மறைந்திருக்கிறது. காம்பின் அடியில் கிழிந்த பைபோன்ற உறை இருக்கிறதா, காம்பில் வளையம் உளதா, குடையின் அடிப்புறத் தகடுகள் என்ன நிறம் என்பவற்றைக் குறித்துக்கொள்க. பிறகு வித்துத்தூள் எடுக்க வேண்டும். நன்கு விரிந்த குடையின் காம்பை அறுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தின்மேல் தகடுகள் கீழ்நோக்கும்படி வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுதும் விட்டுவைக்கவும். காலையில் தகடுகளின் அச்சுப்போலத் தூள் படிந்திருக்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். காளானின் மேல்நிறம் மழையாலும் வெயிலாலும் மாறும். தூளின் நிறமோ எளிதில் மாறுவதன்று.

நம் பக்கத்தில் அதிகமாக விரும்பி உண்ணப்படுவது புற்றுக்காளான். கறையான் தன் கூட்டுக்குள் இலைச்சருகையும் கட்டையையும் கொண்டு தேன்கூடு போன்ற அறைகளைக் கட்டி, அதில் இக்காளானின் இழையைப் பயிர்செய்து, அதனை உணவாகக் கொள்கிறது. மனிதன் ஏர் பிடிக்குமுன் கறையான் வேளாண்மை செய்தது என்றால் மிகையாகாது. பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942-இல் இவ்வினத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயரிட்டார். இதன் குடையின் நடுவில் கூரிய முனை இருக்கும், காம்பு மண்ணுக்குள் வேர்போல் நீண்டு புற்றறைவரை செல்லும், வித்துத்தூள் இளஞ்சிவப்பு. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றிப் புற்றுக்காளான் என்று முடிவு செய்யற்க. புற்றை இடித்துக் காளானெடுப்போர் வரும் வருஷத்து விளைவையும் சேர்த்தே அழிக்கின்றனர்.

இதனோடு மயங்குவது, புல்தரைகளில் மழைக்குப்பின் வட்டமாகத் தோன்றும் பெரிய வெண்குடைக்காளான். க்ளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். உஷ்ண தேசங்களெங்கும் உள்ளது. குடை 4 முதல் 12 அங்குலம் வரை அகன்று, வெண்மையாய், நடுவில் பழுப்புச் செதில்களுடன் பார்வைக்கு அழகாயிருக்கும். அழகே இதன் ஆபத்து. இளமையில் தகடுகள் வெண்மையாகவே இருந்து, முதிர்ந்தபின் பசுமை கலந்த சாம்பல் நிறம் அடையும். தூள் பச்சை. உண்டவர்க்கு 1 முதல் 3 மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும். குழந்தைகளுக்கு அதிக அபாயம். சிலர் காம்பில் வளையமுள்ளதை மட்டும் பார்த்து இதனைத் தள்ளுவர். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கே. நடராஜன் 1979-இல் விவரித்த டெர்மிட்டோமைசஸ் ஹைமி என்னும் உண்ணத்தக்க புற்றுக்காளானுக்கும் வளையம் உண்டு. ஒற்றை அடையாளத்தை நம்புவது பிசகு.

வைக்கோற்போர் மக்கும் இடத்தில் சாம்பல் நிறமான, முட்டைபோல் முளைத்து விரியும் காளான் ஒன்றுண்டு, நல்ல உணவு. கோயமுத்தூரில் அரசாங்கத்துப் பூஞ்சண நிபுணர்கள் 1940-களில் அதனை வைக்கோலில் வளர்த்துக் காட்டினர். இதன் அடியிலும் உறைப்பை உண்டு, தூள் இளஞ்சிவப்பு. அடியில் உறைப்பையும், வெண்மையான தூளும் ஒருங்கே காணப்பட்டால், அது அமானிட்டா என்னும் கொடிய வகுப்பைச் சார்ந்ததென்றே கொண்டு விலக்குக. 2012 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அவ்வகுப்பின் காளானை உண்டு இருவர் இறந்தனர். வைக்கோற்காளானை அறிந்த கீழ்த்திசை நாட்டார் அயல்தேசத்தில் இதனை அதுவென மயங்குவது பலமுறை நேர்ந்துள்ளது.

சாணத்தின்மேல் முளைத்துக் கருந்தூள் உதிர்ப்பவற்றை உணவுக்கு எண்ணவே வேண்டாம். புல்வெளியில் தகடு இளஞ்சிவப்பாயிருந்து சாக்லேட் நிறமாகும் வெண்காளான்களில் உண்ணத்தக்கன உள. எனினும் அடிக்காம்பைக் கீறியவுடன் பளிச்சென்ற மஞ்சளாகி, கார்பாலிக் நாற்றம் வீசுமாயின் எறிந்துவிடுக.

நமது தாலுகாவுக்குரிய எச்சரிக்கை ஒன்று. காளான் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. கழுவினாலும் அவை போகா. ஆகையால் சிப்காட் தொழிற்பேட்டைகளின் அருகிலும், கல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரத்திலும், கழிவுநீர்க் கால்வாய்களின் கரையிலும் முளைப்பவை எவ்வினமாயினும் உணவுக்கு உதவா. விலைக்கு வாங்கும் சிப்பிக்காளானும் பால்காளானும் இருக்க, சந்தேகமான ஒரு கூடைக்காக உயிரைப் பணயம் வைப்பது எதற்கு?

காளான் உண்டபின் வாந்தி, வயிற்றுவலி, பேதி கண்டால் தாமதமின்றி 108 வாகனத்தை அழைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும். உண்டு 6 மணிக்குமேல் கழித்து நோய் தொடங்குவதே அதிக பயத்துக்குரியது. ஒரு நாள் கஷ்டப்பட்டு மறுநாள் குணமானதுபோல் தோன்றினும், உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கக் கூடும். ஆதலால் தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துவரலாகாது. கூட உண்டவர்கள் நலமாயிருந்தாலும் அவர்களையும் உடனழைத்துச் செல்லவும். கிராம நிர்வாக அலுவலர் செய்யவேண்டியது, எத்தனை பேர், எம்மணிக்கு உண்டனர், எவ்விடத்தில் பறித்தனர் என்பதை எழுதிக்கொடுப்பதும், மிச்சமுள்ள காளானையோ சமைத்ததையோ மருத்துவரிடம் சேர்ப்பிப்பதும் ஆகும். பச்சைக் காளானைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் சில மணி நேரத்தில் அழுகி அடையாளம் கெடும். காகிதத்தில் சுற்றியே அனுப்புக.