ரிமோட்டைத் தொடுமுன் துணையைக் கேளுங்கள்!

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் ஒழித்துப் போட்டு, பிள்ளைகளும் தூங்கிய பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காரக் கிடைப்பதே ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் போடுகிற படம் ஒருவருக்குப் பொழுதுபோக்காகவும், மற்றவருக்கு நெஞ்சுப் படபடப்பாகவும் முடிந்தால் என்ன லாபம்?

"அட, வெறும் நடிப்புதானே டாக்டர்!" என்பீர்கள். புத்திக்கு அது நடிப்பென்று தெரியும். ஆனால் பழைய காயத்தை நினைவூட்டும் காட்சி வந்ததும் அட்ரீனலின் சுரந்து விடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, படம் முடிந்தும் தூக்கம் பிடிப்பதில்லை.

எது யாருக்கு ஆகாது?

மருந்துக்குப் பத்தியம் சொல்கிறோம் அல்லவா? எல்லோரும் ருசித்துச் சாப்பிடும் கத்தரிக்காய், கரப்பான் உள்ளவருக்கு ஆகாது. காட்சிக்கும் அப்படித்தான். கரு கலைந்த வேதனை ஆறாத பெண்ணுக்குப் பிரசவக் காட்சி ஆகாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் எங்கள் அரியலூர்ப் பக்கச் சாலைகளில் உறவைப் பறிகொடுத்தவருக்கு விபத்துக் காட்சி ஆகாது. சின்ன வயதில் அத்துமீறலுக்கு ஆளானவர் அதைக் கட்டிய துணையிடம்கூடச் சொல்லாமல் இருக்கலாம்.

படம் நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம். 2021-ல் வந்த 'ஜெய் பீம்' பலரும் பாராட்டிய படம். ஆனால் காவல் நிலையத்தில் அடித்து வதைக்கும் காட்சிகள் அதில் உண்டு. 2022-ல் வந்த 'சுழல்' தொடரைத் துப்பறியும் கதை என்று நினைத்து உட்கார்ந்தால், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையில் கொண்டுபோய் நிறுத்தும். 2017-ல் வந்த 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' தொடரின் தற்கொலைக் காட்சியை, மருத்துவ நிபுணர்களின் ஆலோசனைப்படி 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே நீக்கியது.

முன்கூட்டியே பார்ப்பது எப்படி?

1. 2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, ஓ.டி.டி. நிகழ்ச்சிகளில் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்ற வயது முத்திரையோடு உள்ளடக்கக் குறிப்பும் காட்ட வேண்டும். வயதை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். 'வயலன்ஸ்', 'சூசைட்', 'செக்ஸுவல் வயலன்ஸ்' போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று படியுங்கள்.

2. டிரெய்லரை மட்டும் நம்ப வேண்டாம். கதையின் முக்கியத் திருப்பத்தை அதில் மறைத்திருப்பார்கள். பார்த்து முடித்த நண்பரிடம், "இப்படிப்பட்ட காட்சி வருதா?" என்று நேராகக் கேளுங்கள்.

3. சந்தேகம் இருந்தால் நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். எந்த இடத்தில் ஓட்டிவிட வேண்டும் என்று குறித்துக் கொள்ளுங்கள்.

4. துணையிடம், "உனக்கு எதைப் பார்த்தா கஷ்டமா இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். "ஏன்?" என்று துருவ வேண்டாம். சொல்லத் தோன்றும்போது அவரே சொல்வார்.

5. உள்ளதைச் சொன்ன பிறகு முடிவை அவரிடம் விடுங்கள். "நீ தாங்க மாட்டே" என்று நீங்களே தடை போடுவதும் சரியல்ல.

மீறி வந்துவிட்டால்?

உடனே நிறுத்துங்கள். விளக்கைப் போடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். "இதுக்குப் போயா?" என்று கேட்டு விடாதீர்கள்! அழுதால் அழட்டும். சித்த மருத்துவம் அடக்கக் கூடாத 14 வேகங்களில் கண்ணீரையும் ஒன்றாக வைத்திருக்கிறது. தூக்கமும் அதில் ஒன்று. அன்றிரவு மிச்சக் கதை வேண்டாம். வேறு பேச்சுப் பேசிவிட்டு நேரத்தோடு படுங்கள்.

கெட்ட கனவு, தூக்கமின்மை, காரணமில்லாத திடுக்கிடல் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால், கஷாயத்தோடு நின்றுவிடக் கூடாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மனைவிக்குக் காரம் ஆகாது என்றால் குழம்பில் மிளகாயைக் குறைக்கிறோம். கணவருக்குச் சர்க்கரை என்றால் காபியில் சீனியை நிறுத்துகிறோம். கண் வழியாக உள்ளே போவதற்கும் அந்த அக்கறையைக் கொஞ்சம் காட்டுங்கள். இன்றிரவு டி.வி.யைப் போடுமுன் இரண்டு நிமிஷம் போதும்!