மாடியில் சோலார் போடுமுன் கரண்ட் பில்லைப் படியுங்கள்

"மாடியில சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே? கேஸையும் நிறுத்திட்டு எல்லாத்தையும் கரண்டுக்கே மாத்திடலாமா?"

திருநகர் டீக்கடையானாலும், மேலூர் பேருந்து நிலையமானாலும் இன்று அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பதில் எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. ஒரு வீட்டுக்கு லாபமாக அமைவது, பக்கத்து வீட்டுக்கு நஷ்டமாகலாம். உங்கள் வீட்டுக்கான பதில் உங்கள் கரண்ட் பில்லிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பேனா, ஒரு தாள், உங்கள் கைப்பேசி போதும். வாங்க, சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

முதல் பாடம்: 500 என்ற படிக்கட்டு

நம் மாநிலத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் அடுக்கு அடுக்காக விலை ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு:

101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ.2.35
201 முதல் 400 வரை: ரூ.4.70
401 முதல் 500 வரை: ரூ.6.30

500ஐத் தாண்டிவிட்டால் இரண்டு மாற்றம் நடக்கிறது. தாண்டிய யூனிட்டுக்கு ரூ.8.40, 600க்கு மேல் போனால் ரூ.9.45 என்று விலை ஏறுவது ஒன்று. 101 முதல் 200 வரை கிடைத்த ரூ.2.35 சலுகை போய், அதற்கும் ரூ.4.70 ஆவது இன்னொன்று.

500 யூனிட் எரித்தால் பில் ரூ.1,805. அதுவே 510 யூனிட் என்றால் ரூ.2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுதல்! சித்திரை வெயிலில் ஏ.சி. ஓடும் வீடுகளில் பில் திடீரென்று எகிறுவதற்கு இந்தப் படிக்கட்டும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் வேலை: கடைசி ஆறு பில்களை எடுங்கள். தாள் இல்லாவிட்டால் தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகத்தின் செயலியிலோ இணையதளத்திலோ பழைய விவரங்களைப் பார்க்கலாம். மதுரை மண்டல இணைப்பு எண் 05 என்று தொடங்கும். ஆறு பில்லின் யூனிட்டையும் கூட்டி 6ஆல் வகுங்கள். அந்தச் சராசரிதான் இனி வரும் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

இரண்டாம் பாடம்: ஒரே அடுப்பு, இரண்டு கணக்கு

14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 140 யூனிட் ஆகும். கேஸ் அடுப்பில் வெப்பத்தில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றி வெளியே போய்விடுகிறது. இண்டக்‌ஷனில் பாத்திரமே நேரடியாகச் சூடாவதால் வீணாவது குறைவு.

சிலிண்டர் விலை 870 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 140ஆல் வகுத்தால் 6 ரூபாய் 20 காசு. அதாவது, உங்கள் வீட்டில் கூடுதலாக எரியும் யூனிட் இதைவிடக் குறைந்த விலையில் கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம். அதிக விலை என்றால் கேஸ் லாபம். இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் வாங்கும் இரண்டு வீடுகளைப் பாருங்கள்.

முதல் வீட்டின் சராசரி 180 யூனிட், பில் ரூ.188. சமையலை இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 320 யூனிட், பில் ரூ.799. கூடுதல் செலவு 611 ரூபாய். மிச்சமாகும் சிலிண்டர் 870 ரூபாய். சோலார் இல்லாமலேயே லாபம்.

இரண்டாவது வீட்டின் சராசரி 480 யூனிட், பில் ரூ.1,679. அதே 140 யூனிட் கூடினால் 620 யூனிட், பில் ரூ.3,069. 870 ரூபாய் சிலிண்டரை மிச்சம் பிடிக்க 1,390 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்! இந்த வீட்டுக்கு முதலில் சோலார், பிறகுதான் இண்டக்‌ஷன்.

மானிய விலையில் சிலிண்டர் வாங்குபவர்கள் தங்கள் கைக்காசு எவ்வளவோ அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

மூன்றாம் பாடம்: எத்தனை கிலோவாட்?

பிரதமரின் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்தான் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

பகலில் நீங்கள் பயன்படுத்தியதுபோக மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து நீங்கள் எடுப்பீர்கள். இருவழி மீட்டர் இரண்டையும் எழுதிக்கொள்ளும்; வித்தியாசத்துக்குத்தான் பில். அதனால் ராத்திரி தோசை சுட்டாலும் பகலில் விளைந்த யூனிட் கணக்கில் கழிந்துவிடும்.

சராசரி 620 யூனிட் எரிக்கும் வீடு ஒன்றை எடுப்போம். பில் ரூ.3,069. விலைப்புள்ளி இரண்டு கிலோவாட்டுக்கு 1,30,000 ரூபாய், மூன்றாவதற்குக் கூடுதலாக 60,000 ரூபாய் என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழியும். மீதி 140 யூனிட். பில் 94 ரூபாய். ஆண்டு மிச்சம் 17,850 ரூபாய். மானியம் போக முதலீடு 70,000 ரூபாய். நான்கு வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். (இது யூனிட் கட்டணக் கணக்கு மட்டும். பில்லில் வேறு கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

"சரி, மூணாவதையும் போட்டுடலாமே?" மானியம் போக அதற்கு 42,000 ரூபாய் ஆகும். மிச்சமாவதோ அந்த 94 ரூபாய்தான், ஆண்டுக்கு 564. போட்ட பணம் திரும்ப எழுபது வருஷத்துக்கு மேலாகும். ஏனென்றால் விலை உயர்ந்த மேல் அடுக்குகளை முதல் இரண்டு கிலோவாட்டே அழித்துவிட்டது.

அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு வேலை கொடுத்தால் கதை மாறும். சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றினால் பயன்பாடு 760 யூனிட். மூன்று கிலோவாட் தருவது 720. மீதி 40 யூனிட் இலவச 100க்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு ஆறு சிலிண்டர், அதாவது 5,220 ரூபாய் கூடுதல் மிச்சம். இலவசத்தில் இன்னும் 60 யூனிட் பாக்கி இருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் ஓடும் என்றால், இரண்டு மாதத்தில் 1,500 கிலோமீட்டர். தினமும் வாடிப்பட்டியிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ நகருக்கு வேலைக்கு வருகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

சராசரி 200க்குக் கீழே இருக்கிறதா? 180 யூனிட் வீட்டுக்கு ஆண்டு முழுவதற்குமான பில்லே 1,128 ரூபாய்தான். பில்லை மிச்சம் பிடிக்க என்று கடன் வாங்கி சோலார் போட வேண்டாம். ஏ.சி., மின்வாகனம் என்று பயன்பாடு கூடும்போது யோசிக்கலாம்.

நான்காம் பாடம்: சுடுதண்ணீரும் ஹீட் பம்ப்பும்

குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்க ஹீட் பம்ப் வைக்கிறார்கள். புதுப் பொருள் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் ஹீட் பம்ப்தான். ஏ.சி. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். காற்று சூடாக உள்ள நம் ஊரில் இது நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் வீட்டுக்குத் தேவையா? நான்கு பேர் குளிக்க 60 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க சாதாரண ஹீட்டருக்கே ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். ஹீட் பம்ப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுமேல். அதுவும் மார்கழி, தை போலச் சில மாதங்கள்தான். கோடையில் மொட்டை மாடித் தொட்டியில் மத்தியானம் வரும் தண்ணீரே கையைச் சுடுகிறதே! சாதாரணக் குடும்பத்துக்கு இருக்கிற ஹீட்டரை அளவோடு பயன்படுத்துவதோ, சூரிய வெப்ப வாட்டர் ஹீட்டரோ போதும். தினமும் நூற்றுக்கணக்கான லிட்டர் சுடுதண்ணீர் தேவைப்படும் விடுதி, மருத்துவமனை, லாட்ஜ் நடத்துபவர்களுக்குத்தான் ஹீட் பம்ப் நல்ல முதலீடு.

ஐந்தாம் பாடம்: மாடியில் கவனிக்க வேண்டியவை

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, மின்தடையின்போது தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. மின்தடையிலும் விளக்கும் விசிறியும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள், செலவு கூடும்.

மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், பேனல் தெற்குப் பார்த்து 10 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருந்தால் போதும். தென்னை மரம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர் ஆகியவற்றின் நிழலைக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பாருங்கள்.

வெளிச்சம்தான் பேனலுக்குத் தீனி. சூடு அதற்குப் பகை. பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும். அதனால் அடியில் காற்றோட்டம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி இறங்குவதும் இயல்பு. ஒரு பில்லை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தூசியை விடியற்காலையில் கழுவுங்கள். உப்பு மிகுந்த போர் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும். நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

கீழே சமையலறையில் 2,000 வாட் இண்டக்‌ஷனுக்குப் பழைய ஐந்து ஆம்ப் பிளக் தாங்காது. தனி வயர், 16 ஆம்ப் பிளக், சரியான எர்த், உயிர்காக்கும் ஆர்.சி.டி. எல்லாம் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் சரிபாருங்கள்.

ஆறாம் பாடம்: கைப்பேசியில் விண்ணப்பிப்பது

1. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள்.

2. பில்லில் அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. சூர்ய கர் தேசிய இணையதளத்தில் அல்லது செயலியில் கைப்பேசி எண், இணைப்பு எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

4. அங்குள்ள பதிவு பெற்ற நிறுவனங்களில் குறைந்தது மூன்றிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல்களால் ஆன பேனல்தான் தகுதி. உத்தரவாத ஆண்டுகளையும் பராமரிப்பையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

5. பொருத்தி முடிந்ததும் மின்வாரியம் ஆய்வு செய்து இருவழி மீட்டர் வைக்கும். பிறகு வங்கி விவரம் பதிந்தால் மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகைக்கும் ஏற்பாடு வேண்டும். வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன.

"மானியம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். மின்சாரம் தொடர்பான புகார்களுக்கு மின்னகம்: 94987 94987.

இன்றைய வீட்டுப்பாடம்

நிறுவனத்துக்காரர் வந்து, "எத்தனை கிலோவாட் வேணும்?" என்று கேட்கும்போது, "நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிடாதீர்கள். இன்று இரவே ஆறு பில்லைக் கூட்டி, சராசரியை எழுதுங்கள். பக்கத்தில் வருஷத்துக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை லிட்டர் பெட்ரோல் என்று குறியுங்கள். கட்டணமோ சிலிண்டர் விலையோ மாறியிருந்தால் புது விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். கையில் அந்தத் தாள் இருந்தால், எத்தனை கிலோவாட் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.