தேய்ப்பதற்கு முன் பார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆறு சிலிண்டர் லாரி என்ஜினின் ஹெட்டை இறக்கி, பன்னிரண்டு வால்வையும் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துப் படம் அனுப்பியிருக்கிறாய். ‘நிறையக் கரி இருந்தது மாமா, எதனால்?’ என்று கேள்வி வேறு. பதில் அந்தக் கரியில்தான் இருந்தது. அதைத்தான் தேய்த்துவிட்டாயே!

இனிமேல் வால்வைக் கழற்றும்போதே ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, எந்த சிலிண்டர், இன்லெட்டா எக்ஸாஸ்ட்டா என்று எழுதிச் செருகி வை. தனியாக ஒரு வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒரே வகை வால்வு ஆறும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்று மட்டும் மாறியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆறும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்: காற்று, பம்ப், டர்போ. ஒன்று மட்டும் என்றால் அந்த சிலிண்டரைவிட்டு வெளியே தேடாதே.

இன்லெட் வால்வை உள்ளே வரும் காற்று குளிர்விக்கிறது. அதன் முதுகில் மெல்லிய கறுப்புப் படலம் இருப்பது சகஜம். எக்ஸாஸ்ட் வால்வின் தலை முழு லோடில் 700 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். புகைக்கரி அந்தச் சூட்டில் எரிந்துபோவதால், நல்ல என்ஜினில் அது சாம்பல் நிறத்திலோ இளம் பழுப்பிலோ இருக்கும். அதுவே மை பூசியதுபோல உலர்ந்த கறுப்பாக இருந்தால், ஒன்று டீசல் அதிகம், இல்லை காற்று குறைவு. ஆறும் அப்படியென்றால் ஏர் ஃபில்டரைப் பார், டர்போவைப் பார், இழுவை வேண்டுமென்று யாராவது பம்பைத் திருகியிருக்கிறார்களா என்று விசாரி. மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் வண்டியும் இப்படித்தான் கறுக்கும். ஒன்று மட்டும் என்றால் முதலில் அந்த நாசிலைக் கழற்று.

கரியை நகத்தால் சுரண்டிப் பார். பிசுபிசுவென்று தடிமனாக ஒட்டினால் அது எண்ணெய் கருகியது. ஒரு வால்வில் மட்டுமென்றால் கைடு தேய்ந்திருக்கும், அல்லது ஸ்டெம் சீல் போயிருக்கும். எல்லா இன்லெட் வால்விலும் என்றால் காற்றுக் குழாய்க்குள் விரலை விட்டுப் பார். எண்ணெய் வழிந்தால் டர்போவோ பிரீதரோ காரணம். 2017 முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ்.4, 2020 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் ஈ.ஜி.ஆர். உள்ளவற்றில், திரும்பி வரும் புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் கலந்து இன்லெட் பக்கம் கெட்டியாகப் படியும். அங்கே கொஞ்சம் கரியைக் கண்டதும் கைடை மாற்றக் கிளம்பாதே.

வெளுத்த சாம்பல் பொருக்கு கண்டால், நெடுநாளாக எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெயில் சேர்க்கும் கால்சியம் போன்றவை எரியாமல் தங்கிவிடுகின்றன. இன்னொரு விசித்திரமும் உண்டு: மற்ற ஐந்தும் கறுத்திருக்க, ஒரு சிலிண்டரில் மட்டும் வால்வும் பிஸ்டன் தலையும் கழுவினதுபோல இருக்கும். சந்தோஷப்படாதே. உள்ளே கசியும் ரேடியேட்டர் தண்ணீர் ஆவியாகிக் கரியைக் கழுவியிருக்கிறது. ஹெட் கேஸ்கட்டையும் ஹெட்டில் விரிசலையும் சோதி.

அடுத்தது நிறம். சீட்டில் உட்காரும் வளையம் சுற்றிலும் ஒரே மங்கலான சாம்பல் நிறமாக, அறுபடாமல் இருக்க வேண்டும். குறுக்கே ஒரு கறுப்புக் கீற்று ஓடினால் அது வாயு கசிந்த தடம். விட்டால் அதுவே பள்ளமாகி, விளிம்பு எரிந்துபோகும். வால்வின் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு சீட் வழியாகத்தான் வெளியேறுகிறது. டாப்பெட் இறுகிப்போனால் வால்வு முழுதாக உட்காராது, சூடு போக வழியிருக்காது.

தண்டில் நீலம் கண்டால், ‘நீலம் என்றால் 300 டிகிரி’ என்று வகுப்பில் படித்த கணக்கைப் போடாதே. அது சாதாரண கார்பன் ஸ்டீலுக்கு. குரோமியமும் நிக்கலும் கலந்த வால்வு இரும்பு இன்னும் அதிகச் சூட்டில்தான் அந்த நிறம் காட்டும். பல எக்ஸாஸ்ட் வால்வுகளில் தலையும் தண்டும் வேறு வேறு இரும்பு, பற்றவைத்தது. காந்தம் தண்டில் ஒட்டும், தலையில் ஒட்டாது. ஆகவே நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள். ஒன்று மட்டும் நீலமாக இருந்தால், அதன் கைடு தேய்ந்து புகை மேலேறுகிறதா, அதைச் சுற்றித் தண்ணீர் போகும் பாதை அடைத்திருக்கிறதா என்று பார்.

வால்வைக் கழற்றும் முன் ஹெட்டைச் சாய்த்து, போர்ட்டில் டீசல் ஊற்றி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள். லேப்பிங் முடிந்தபின் சீட் வளையத்தில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, வால்வை வைத்து இலேசாகத் திருப்பு. எல்லாக் கோடும் அறுபட்டிருந்தால்தான் சரி.

டாப்பெட் இடைவெளியை மேனுவல் சொல்லும் அளவுக்கு, அது சொல்லும் சூட்டில் ஃபீலர் கேஜால் வை. சிறிது தூரம் ஓடியபின் மறுபடி பார்க்க வண்டியை வரச் சொல். டாப்பெட் தட்டினால் டிரைவர் தானாகவே வந்து சண்டை போடுவார். இறுகியிருந்தால் சத்தமே வராது, அவரும் உன்னைப் பாராட்டிவிட்டுப் போவார்.

அன்புடன்,
மாமா