மிசிசிப்பியில் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஜேம்ஸ் மெரிடித் சிலையடியில் நடக்கும் மாணவர் கூட்டத்தில் என்ன பேசலாம் என்று கேட்டிருந்தாய். துணிவு, விடாமுயற்சி என்று பேசிவிட்டு இறங்கிவிடாதே. அதெல்லாம் அங்கே கல்லிலேயே பொறித்திருக்கிறது.

மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சிலையை 2006 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். உயரமான கல்வாசலை நோக்கி ஒருவர் நடந்து போகிறார். பார்ப்பவருக்கு, யாரோ கதவைத் திறந்துவிட, அவர் உள்ளே போனார் என்று தோன்றிவிடும். அப்படி நடக்கவில்லை என்பதைத்தான் நீ சொல்ல வேண்டும்.

ஒன்பது ஆண்டுகள் விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவர் மெரிடித். 1961 ஜனவரியில் விண்ணப்பித்தார். கறுப்பர் என்று இடம் மறுத்தார்கள். வழக்காடி வென்ற பிறகும் ஆளுநர் ராஸ் பார்னெட் தானே வந்து வழிமறித்தார். 1962 செப்டம்பர் 30 இரவு, வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கலவரம் செய்ய, அதிபர் கென்னடி ராணுவத்தை அனுப்ப வேண்டியதாயிற்று. பிரெஞ்சுச் செய்தியாளர் பால் கிஹார், ரே கன்டர் என்ற வட்டாரத்துக்காரர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் எவரும் தண்டனை பெறவில்லை. இந்த இரண்டு பெயரையும் உன் பேச்சில் சொல்.

மறுநாள் காலை மெரிடித் சேர்ந்தார். அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. அவர் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். விடுதியில் அவர் அறைக்கு மேலே ராத்திரியெல்லாம் பந்து தட்டினார்கள். வகுப்புக்குப் போகவும் மத்திய அரசின் காவலர்களான மார்ஷல்கள் கூட வர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் படித்து, 1963 ஆகஸ்டில் பட்டம் வாங்கினார். இந்தச் சிறுமையைச் செய்தவர்கள் உன் வயதுப் பிள்ளைகள், நல்ல வீட்டுப் பிள்ளைகள் பாப்பா. உன் பேச்சைக் கேட்கப்போகிறவர்களுக்கும் அதே வயதுதான். கலவரக்காரனின் கதையைக் கேட்டால் அவர்கள் "நாங்கள் அப்படியில்லை" என்று நிம்மதியாகக் கலைந்து போவார்கள். மேசையை விட்டு எழுந்து போனவனின் கதை அவர்களை உறுத்தும். அதையே விரிவாகச் சொல்.

இன்னொன்று. அந்தச் சிலை மெரிடித்துக்கே பிடிக்கவில்லை. அதை இடித்துத் தூளாக்க வேண்டும் என்று 2012இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார். சிவில் உரிமைத் தலைவர் என்ற பட்டத்தையும் அவர் விரும்புவதில்லை. குடிமகனுக்கு உள்ளது முழுவதும் தனக்கும் உண்டு, அதற்குக் கீழாக எதுவும் வேண்டாம் என்பது அவர் கட்சி. விழா மேடையில் இதைச் சொல்லலாமா என்று யோசிப்பாய். கட்டாயம் சொல். ஒருவருக்குச் சிலை வைத்துவிட்டு அவர் சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பது என்ன மரியாதை?

ஆனாலும் சிலை இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். 2014 பிப்ரவரியில் மாணவர்கள் சிலர் அதன் கழுத்தில் தூக்குக் கயிற்றை மாட்டி, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் சின்னம் பதித்த பழைய ஜார்ஜியா கொடியையும் போர்த்தினார்கள். ஒருவனுக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. சிலை இல்லாவிட்டாலும் அந்த வெறுப்பு அங்கே இருந்திருக்கும். நீதிமன்றத்துக்கு மட்டும் வந்திருக்காது. அந்தத் தென்மாநிலப் படைவீரனுக்கு 1906இல் வைத்த சிலை, 2020இல்தான் வளாகத்தின் நடுவிலிருந்து கல்லறைப் பக்கம் போனது. 14 ஆண்டுகள் இரண்டு சிலைகளும் ஒரே வளாகத்தில் முக்கிய இடங்களில் நின்றிருக்கின்றன. அந்த முரணை அங்கிருந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று உன் பேராசிரியர்களைக் கேள். பலர் மனம்விட்டுப் பேசுவார்கள்.

பேச்சை எழுத உட்காருமுன், மெரிடித் 1966இல் வெளியிட்ட 'த்ரீ இயர்ஸ் இன் மிசிசிப்பி'யைப் படித்துவிடு. சிலைக்கு அருகிலுள்ள நூலகத்தில் கேட்டுப் பார். அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னதையெல்லாம் பிறகு படிக்கலாம். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா